அட்டன்பரோ: அண்ணனைப் பற்றிக் கொஞ்சம்

அட்டன்பரோ என்றதும் இன்றைக்குப் பலருக்கும் நினைவுக்கு வருவது டேவிட் அட்டன்பரோவின் குரல்தான். கொரில்லாவுக்கும் திமிங்கலத்துக்கும் பக்கத்தில் நின்று ரகசியம் சொல்வதுபோல் பேசும் அந்தக் குரல். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல, அவருடைய அண்ணனைப் பற்றியது. ஏறக்குறைய மூன்று வயது மூத்தவர், பெயர் ரிச்சர்ட். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'ஜுராசிக் பார்க்' படத்தில் வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக வந்து, தான் உருவாக்கிய டைனோசர்களைக் காட்டிப் பூரித்துப்போகிற தாத்தா அவர்தான். 'காந்தி' படத்தின் இயக்குநரும் அவரேதான்.

இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டிய படம் 'காந்தி'. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பாதியில் தூங்கிப்போனவர்களில் நானும் உண்டு. அதை எடுக்க ஒரு மனிதர் இருபது வருடம் அலைந்தார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதையோடு தூங்கியிருப்பேன்.

இயக்குநர் என்றால் கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "ஆக்‌ஷன்", "கட்" சொல்கிறவர் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் கதையைப் பிடிக்க வேண்டும், உரிமை வாங்க வேண்டும், எழுதுகிறவரைத் தேட வேண்டும், பணம் போடுகிறவரை நம்பவைக்க வேண்டும், அவர் கைவிட்டால் இன்னொருவரிடம் போக வேண்டும். ரிச்சர்ட் அட்டன்பரோவுக்கு நன்றாக வந்தது இந்த முன்வேலைதான் என்பது என் எண்ணம். அவரை உலகின் தலைசிறந்த இயக்குநர்கள் பட்டியலில் யாரும் முதல் வரிசையில் வைப்பதில்லை. நானும் வைக்க மாட்டேன். ஆனால் ஒரு படத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது என்றால் என்ன என்று கேட்டால் அவரைத்தான் கைகாட்டுவேன்.

லெஸ்டர் வீடு

1923 ஆகஸ்ட் 29 அன்று கேம்பிரிட்ஜில் பிறந்தார். வளர்ந்தது லெஸ்டர் நகரத்தில். அப்பா அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர். மூன்று பையன்கள்: ரிச்சர்ட், டேவிட், ஜான். 1939இல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமிகளை அவர்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் தங்கவைப்பதாகத்தான் ஏற்பாடு. போர் மூண்டதும் அந்தப் பெண்கள் போக வேறு இடம் இல்லை. வீட்டிலேயே தங்கிவிட்டார்கள், பையன்களுக்குச் சகோதரிகள் ஆகிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இதைத் தாங்களாகவே முடிவு செய்துவிடாமல், மகன்களையும் உட்காரவைத்துப் பேசிய பிறகே சரி என்றார்கள் என்று ரிச்சர்ட் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். தன் படங்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயத்துக்கு வேர் அந்த வீடுதான் என்றும் சொன்னார்.

தம்பிக்குப் பாறைகளும் புதைபடிவங்களும், அண்ணனுக்கு நாடகம். உதவித்தொகை கிடைத்து லண்டன் ராயல் அகாடமியில் நடிப்புப் படிக்கப் போனார். முதல் படம் 1942இல், நோயல் கவர்டும் டேவிட் லீனும் சேர்ந்து இயக்கிய கடற்படைப் படம். குண்டு விழும்போது பயந்துபோய்த் தன் இடத்தை விட்டு ஓடும் இளம் மாலுமியாக வருகிறார். சின்ன வேஷம்தான், பெயர்ப் பட்டியலில் பெயர்கூடப் போடவில்லை. ஆனால் அந்த பயந்த முகம் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. பிடித்தது வினையாயிற்று. அப்புறம் வருடக்கணக்கில் கோழை, நடுங்கும் பையன் என்று அதே மாதிரி வேஷங்களாகவே வந்தன. குட்டையான உருவம், குழந்தை முகம். கதாநாயகனுக்கு உரியதாக அன்றைய தயாரிப்பாளர்கள் நினைத்த எதுவும் அவரிடம் இல்லை.

குழந்தை முகத்தையே ஆயுதமாக்கிய படம் 'பிரைட்டன் ராக்'. கிரஹாம் கிரீனின் நாவல். முதலில் நாடகமாக நடித்தார், பிறகு 1940களின் கடைசியில் சினிமா. பதினேழு வயது ரவுடிக் கும்பல் தலைவன் பின்கி. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒரு அப்பாவிப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். கடற்கரைப் பாலத்தில் குரலைத் தட்டில் பதிந்து தரும் கடை ஒன்று இருக்கிறது. எனக்காக ஏதாவது பேசித் தாயேன் என்று அவள் கேட்கிறாள். கண்ணாடிக் கூண்டுக்குள் போய், உன்னை நேசிக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டும் என்பது உன் ஆசை, ஆனால் உன்னைக் கண்டாலே வெறுப்பு என்று கொட்டித் தீர்க்கிறான். வெளியே நிற்கிறவளுக்கு ஒன்றும் கேட்காது. கண்ணாடி வழியாகப் பார்த்துப் பூரித்து நிற்கிறாள். உள்ளே அவன் முகத்தில் பெரிதாக எதுவும் அசைவதில்லை. அந்தச் சில நொடிகளைப் பார்த்தால் போதும், இவர் எப்படிப்பட்ட நடிகர் என்று தெரிந்துவிடும். சத்தம் போட மாட்டார், கண்ணால்தான் வேலை.

நடுவில் போர். விமானப்படையில் சேர்ந்தவரைப் படப்பிரிவுக்கு அனுப்பினார்கள். ஸ்டூடியோவோடு நின்றிருக்கலாம். குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதியில் உட்கார்ந்து படம் பிடிக்கத் தானே முன்வந்தார். அதில் காது நிரந்தரமாகக் கெட்டது. 1945 ஜனவரியில் நடிகை ஷீலா சிம்மைக் கல்யாணம் செய்துகொண்டார். கடைசிவரை அந்த ஒரே கல்யாணம்தான்.

எலிப்பொறியில் விழுந்த பணம்

சினிமாக்காரர் கதையில் பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1952இல் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' (எலிப்பொறி) நாடகம் லண்டனில் மேடையேறியது. அதில் போலீஸ் அதிகாரியாக ரிச்சர்டும், விடுதி நடத்தும் பெண்ணாக ஷீலாவும் நடித்தார்கள். சம்பளத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக லாபத்தில் பத்து சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். நாடகம் சில மாதம் ஓடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கொரோனா காலத்தில் அடைத்ததைத் தவிர்த்துவிட்டால் அது இன்றுவரை ஓடுகிறது. உலகத்திலேயே அதிக காலம் ஓடும் நாடகம். அவர் வாழ்க்கையிலேயே புத்திசாலித்தனமான வியாபார முடிவு அதுதான் என்று அவரே சொல்வார். அந்தப் பங்கில் ஒரு பகுதியை விற்று லண்டனில் ஓர் உணவகம் தொடங்கினார். அது சீக்கிரமே மூடிக்கொண்டது. மீதிப் பங்கு எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

1950களின் கடைசியில், கிடைக்கும் வேஷங்களில் அலுத்துப்போய், நண்பர் பிரையன் ஃபோர்ப்ஸோடு சேர்ந்து தயாரிப்பில் இறங்கினார். முதல் படத்துக்குப் பணம் பற்றாக்குறை. நடிகர்கள் முன்பணத்தை விட்டுக்கொடுத்து லாபத்தில் பங்கு என்று ஒப்புக்கொண்டார்கள். வேலைநிறுத்தத்தில் சேர மறுக்கும் ஒரு தொழிலாளியோடு மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவதுதான் கதை. அந்தத் தொழிலாளியாக அட்டன்பரோவே நடித்தார்.

'தி கிரேட் எஸ்கேப்' 1963இல் வந்தது. ஜெர்மன் சிறை முகாமிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்புகிற கதை, தப்புவதற்குத் திட்டம் போடும் தலைவர் இவர். ஸ்டீவ் மெக்வீன் மோட்டார்சைக்கிளில் பறப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேருந்துக் காட்சி. பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி நடித்து அட்டன்பரோவும் கூட்டாளியும் சோதனையைத் தாண்டிவிடுகிறார்கள். ஏறும் நேரத்தில் ஜெர்மன் அதிகாரி சும்மா, ஆங்கிலத்தில், "குட் லக்" என்கிறான். கூட்டாளி பழக்கதோஷத்தில் "தேங்க் யூ" என்றுவிடுகிறான். அவ்வளவுதான், முடிந்தது.

ரில்லிங்டன் பிளேஸ், எண் 10

அவர் நடித்ததில் ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 1971இல் வந்த '10 ரில்லிங்டன் பிளேஸ்' பாருங்கள். ராத்திரி தனியாகப் பார்க்க வேண்டாம்.

நடந்த கதை. லண்டனில் அந்த முகவரியில் ஜான் கிறிஸ்டி என்று ஒருவன் குடியிருந்தான். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, மெதுவான பேச்சு, எல்லாருக்கும் உதவ வருகிற மாதிரி ஒரு பாவனை. தன் மனைவி உட்படப் பல பெண்களைக் கொன்றவன் அவன். மாடியில் திமோத்தி எவன்ஸ் என்ற இளைஞர் மனைவி, குழந்தையோடு குடிவந்தார். படிப்பு அதிகம் இல்லாதவர். மனைவியும் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். எவன்ஸ்தான் செய்தார் என்று வழக்கு நடந்தது, அவருக்கு எதிராக முக்கியச் சாட்சி கிறிஸ்டியேதான். 1950இல் எவன்ஸைத் தூக்கில் போட்டார்கள். மூன்று வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து பிணங்கள் வெளியே வந்தன. கிறிஸ்டியும் தூக்குக்குப் போனான். 1966இல் எவன்ஸுக்கு, இறந்த பிறகு, மன்னிப்பு வழங்கப்பட்டது. பிரிட்டனில் மரண தண்டனைக்கு எதிரான மனநிலையை வளர்த்த வழக்குகளில் இது முக்கியமானது.

இந்த வேஷத்தை ஏற்க அட்டன்பரோ தயங்கினார். தூக்குத் தண்டனைக்கு எதிரான படம் என்பதால்தான் ஒப்புக்கொண்டார். அந்தத் தெரு இடிக்கப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே தெருவிலேயே படம் பிடித்தார்கள். படத்தில் அவர் டீ போட்டுக் கொடுக்கிறார், அக்கறையாக விசாரிக்கிறார், குரல் உயரவே இல்லை. பக்கத்து வீட்டு மாமா மாதிரி இருக்கிறார். அதுதான் வயிற்றைப் பிசைகிறது. இதற்குப் பிறகு 'ஜுராசிக் பார்க்' தாத்தாவைப் பார்த்தால் அந்தச் சிரிப்பை முன்புபோல் நம்ப முடிவதில்லை, என்ன செய்ய.

காந்தி: 1962 முதல் 1982 வரை

இனி விஷயத்துக்கு வருவோம். 1962இல் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் மோதிலால் கோத்தாரி, லண்டனில் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்த்தவர், காந்தி பக்தர். காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும், நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார். அதுவரை அட்டன்பரோ ஒரு படம்கூட இயக்கியதில்லை. லூயி ஃபிஷர் எழுதிய காந்தி வாழ்க்கை வரலாற்றைப் படிக்கச் சொன்னார் கோத்தாரி. படித்தவரை ஓர் இடம் பிடித்து நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவில் நடைபாதையில் போகிற இந்தியர்கள், எதிரே வெள்ளையர் வந்தால் இறங்கி வழிவிட வேண்டிய நிலை. அதைப் பற்றிப் பேசும்போது காந்தியின் ஒரு வாக்கியம் வருகிறது: சக மனிதர்களை இழிவுபடுத்துவதில் தமக்குக் கௌரவம் இருப்பதாக மனிதர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்பது தனக்கு எப்போதும் புரியாத மர்மமாகவே இருக்கிறது என்று. இருபதுகளில் இருந்த ஓர் இளைஞனுக்கு இப்படி யோசிக்க முடிந்ததா என்று அசந்துபோய், எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மௌண்ட்பேட்டன் மூலம் நேருவைப் பார்த்தார். 1963இல் டெல்லியில் சந்திப்பு. காந்தியைத் தெய்வமாக்கிவிடாதீர்கள், தெய்வமாக்கப்படுவதற்கு மேலான மனிதர் அவர் என்று நேரு சொன்னதாக அட்டன்பரோ நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்த வருடமே நேரு போய்விட்டார். 1970இல் கோத்தாரியும் இறந்துபோனார். திரைக்கதை ஜெரால்ட் ஹேன்லியிடமிருந்து ராபர்ட் போல்டிடம் போய், கடைசியில் ஜான் பிரைலியிடம் வந்து சேர்ந்தது. ஹாலிவுட்டில் கதவைத் தட்டினால், வேட்டி கட்டிக் கம்பு ஊன்றி நடக்கிற கிழவரைப் பார்க்க யார் காசு கொடுப்பார் என்பதுதான் பதில்.

காத்திருந்த காலத்தில் அவர் இயக்கம் கற்றுக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1969இல் 'ஓ! வாட் எ லவ்லி வார்'. முதல் உலகப் போரைப் பாட்டும் கூத்துமாகக் கிண்டலடிக்கும் படம். கடைசியில் ஒரு குடும்பத்துப் பெண்கள் பச்சைப் புல்வெளியில் நடக்கிறார்கள். கேமரா மேலே மேலே போகப் போக வெள்ளைச் சிலுவைகள், நூறு, ஆயிரம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. கூட்டத்தைக் காட்டுவது அவருக்குக் கைவந்த விஷயம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்புறம் சர்ச்சிலின் இளமைக்காலம் பற்றி ஒன்று, 1977இல் இரண்டாம் உலகப் போர் பற்றிப் பெரிய நட்சத்திரப் பட்டாளத்தோடு 'எ பிரிட்ஜ் டூ ஃபார்'. அதே வருடம் சத்யஜித் ராயின் 'சத்ரஞ் கே கிலாடி'யில் அவத் நவாபின் பதவியைப் பறிக்கும் ஆங்கிலேய ஜெனரலாக நடித்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் கூச்சமில்லாத முகத்தை நடித்துக் காட்டியவர் அதற்கு எதிராக நின்றவரைப் படமெடுக்க வந்தார் என்பது எனக்குப் பிடித்த முரண்.

சுமார் 2.2 கோடி டாலர் செலவில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்திரா காந்தி அரசு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் வழியாகத் தந்தது. இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. நம் ஊரில் படமெடுக்கிறவர்களுக்குப் பணமில்லை, வெள்ளைக்காரருக்கு உண்டா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மகாத்மாவை ஒரு நடிகர் நடிப்பதே தகாது, அவரை ஓர் ஒளியாகக் காட்டினால் போதும் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. ஒளியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் என்ன செய்வது? காந்தியாக யார் என்பதற்கு ஆங்கில நடிகர்கள் பலர் பெயர் அடிபட்டது. அட்டன்பரோவின் மகன் மைக்கேல் நாடக இயக்குநர். அவர்தான் பென் கிங்ஸ்லியைப் பார்க்கச் சொன்னார். கிங்ஸ்லியின் இயற்பெயர் கிருஷ்ணா பாஞ்சி, தந்தை வழி குஜராத்தி. எடை குறைத்தார், ராட்டையில் நூற்கப் பழகினார். மீதிப் பெயர்கள் நமக்குத் தெரிந்தவைதான்: கஸ்தூர்பாவாக ரோகிணி ஹட்டங்கடி, நேருவாக ரோஷன் சேத், ஜின்னாவாக அலிக் பதம்சி. 1980 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கியது. 'எலிப்பொறி' நாடகத்தின் மீதிப் பங்கு இங்கேதான் கரைந்தது. படம் நிற்காமல் இருக்க அதை விற்றுவிட்டார். அந்த நாடகம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது என்பதை நினைத்தால் எனக்கே மனசு அடித்துக்கொள்கிறது.

இறுதி ஊர்வலக் காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாள்: 1981 ஜனவரி 31. 1948இல் நிஜ ஊர்வலம் நடந்து சரியாக 33 வருடம். இடம்: டெல்லி ராஜபாதை. இன்றைக்கு என்றால் ஆயிரம் பேரை நிறுத்திக் கம்ப்யூட்டரில் பத்து லட்சம் ஆக்கிவிடலாம். அன்றைக்கு ஆட்கள் வேண்டும் என்றால் ஆட்கள்தான் வேண்டும். வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். சுமார் 94 ஆயிரம் பேருக்குச் சிறு தொகை கொடுத்தார்கள், மற்றவர்கள் சும்மா வந்தவர்கள். ஒரே படக்காட்சியில் அதிகம் பேர் என்ற உலக சாதனை இன்றும் இதற்குத்தான். மூன்று லட்சம் பேரைத் திரும்பவும் "ஒன் மோர்" என்று நிறுத்தமுடியாது என்பதால் பதினொரு கேமராக் குழுக்கள் ஒரே நேரத்தில் பிடித்தன. இருபதாயிரம் அடி ஃபிலிம் ஓடியது. வெட்டி ஒட்டிய பிறகு படத்தில் மிஞ்சியது 125 நொடி. இரண்டு நிமிடம் சொச்சம். அடுத்த முறை பார்க்கும்போது கூட்டத்தில் இருக்கும் முகங்களைக் கவனியுங்கள். நடிப்பவர்கள் மாதிரித் தெரிய மாட்டார்கள். அதில் எத்தனையோ பேர் நிஜ ஊர்வலத்தின் காலத்திலேயே வாழ்ந்தவர்கள்.

1983 ஏப்ரலில் எட்டு ஆஸ்கர். சிறந்த படம், இயக்கம், நடிப்பு எல்லாம் அதில் அடக்கம். உடை வடிவமைப்புக்கான ஆஸ்கரைப் பானு அத்தையா இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார், ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். அதே வருடம் இந்திய அரசு அட்டன்பரோவுக்குப் பத்ம பூஷண் கொடுத்தது.

குறை இல்லையா? இருக்கிறது. வாழ்க்கை வரலாற்றுப் படம் என்பது என்ன? ஐம்பது அறுபது வருட வாழ்க்கையை மூன்று மணி நேரத்துக்குள் அடைப்பது. எதை விடுவது என்பதில்தான் இயக்குநரின் பார்வை தெரியும். இந்தப் படம் விட்ட மிகப் பெரிய பெயர் அம்பேத்கர். ஒரு காட்சியில்கூட அவர் இல்லை. 1932இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி தரும் விஷயத்தில் காந்தி உண்ணாவிரதம் இருந்ததும் பூனா ஒப்பந்தமும் இல்லை. சுபாஷ் போஸும் இல்லை. தீண்டாமை பற்றிப் படம் பேசுகிறது, ஆனால் அதைப் பற்றிக் காந்தியோடு நேருக்கு நேர் மோதியவரைக் காட்டவில்லை. நேரு தெய்வமாக்காதீர்கள் என்றார் அல்லவா, அம்பேத்கர் உள்ளே வந்திருந்தால் அந்த அறிவுரை தானாகவே நிறைவேறியிருக்கும். இடம் போதவில்லை என்ற சமாதானம் என்னிடம் செல்லாது.

இதே குறை 1987இல் எடுத்த 'க்ரை ஃப்ரீடம்' படத்திலும் உண்டு. 1977 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் இறந்த, நிறவெறிக்கு எதிராகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோ பற்றிய படம் என்று நினைத்து உட்கார்ந்தால், பாதியில் பிகோ இறந்துவிடுகிறார். மீதிப் பாதி அவருடைய வெள்ளைக்கார நண்பர், பத்திரிகை ஆசிரியர் டொனால்ட் வுட்ஸ், குடும்பத்தோடு நாட்டை விட்டுத் தப்புகிற கதை. ஆனாலும் அந்தப் படத்துக்கு நிறவெறி அரசு பயந்தது. 1988இல் தணிக்கை அனுமதித்துத் திரையிட்ட அன்றே போலீஸ் புகுந்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பிகோவாக நடித்த டென்சல் வாஷிங்டனைப் பார்க்கவாவது முதல் பாதியைப் பாருங்கள்.

அப்புறம்

சாப்ளின் பற்றி 1992இல் ஒரு படம். எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்த்து எதையும் நின்று சொல்லாத படம், ராபர்ட் டவுனி ஜூனியர் மட்டும் மனதில் நிற்கிறார். அடுத்த வருடம் வந்த 'ஷேடோலேண்ட்ஸ்' அதற்கு நேர் எதிர். கூட்டம் இல்லை, ஊர்வலம் இல்லை. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், அவர் தாமதமாகக் கண்டடைந்த மனைவி, அவளுக்குப் புற்றுநோய். அவள் போன பிறகு பரண் அறையில் லூயிஸும் அவளுடைய சின்ன மகனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். கேமரா அசையாமல் இருக்கிறது. மூன்று லட்சம் பேரை மேய்த்தவர் இரண்டு பேரை வைத்துக்கொண்டும் எடுப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

'ஜுராசிக் பார்க்' வந்ததும் அதே 1993இல்தான். பதினான்கு வருடம் சினிமாவில் நடிக்காமல் இருந்தவரைக் கூப்பிட்டவர் ஸ்பீல்பெர்க். 'காந்தி'யிடம் ஆஸ்கரை இழந்த 'ஈ.டி.'யின் இயக்குநர். 'ஈ.டி.'தான் ஜெயித்திருக்க வேண்டும் என்று அட்டன்பரோவே சொல்லித் திரிந்தவர், அது வேறு. டைனோசர்கள் தப்பிவிட்ட பிறகு, உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்கிரீமை எதிரே வைத்துக்கொண்டு, இளமையில் தான் நடத்திய தெள்ளுப்பூச்சி சர்க்கஸைப் பற்றி அவர் பேசும் காட்சி உண்டு. பூச்சியே இல்லாமல் பூச்சி தெரிகிறது என்று குழந்தைகளை நம்பவைத்த வித்தை. சினிமாக்காரர் ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

1993இல் பிரபுக்கள் அவையில் உறுப்பினரானார். நாடக அகாடமி, தொலைக்காட்சி, வானொலி, செல்சீ கால்பந்துக் குழு என்று அவர் உட்காராத நிர்வாகக் குழு குறைவு. எல்லோரையும் "டார்லிங்" என்றுதான் கூப்பிடுவார், பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று, நாகப்பட்டினத்தை அடித்த அதே சுனாமி தாய்லாந்துக் கடற்கரையில் அவருடைய மகளையும் பேத்தியையும் மகளின் மாமியாரையும் கொண்டுபோனது. 2008இல் பக்கவாதம். 2014 ஆகஸ்ட் 24 அன்று, தொண்ணூற்றோராவது பிறந்த நாளுக்கு ஐந்து நாள் முன்னால் இறந்தார்.

சரி, அந்த வாக்கியம். இருபது வருட அலைச்சலைத் தொடங்கிவைத்த அந்த ஒற்றை வரி. 'காந்தி' படத்தில் நடைபாதையில் காந்தியையும் பாதிரியார் ஆண்ட்ரூஸையும் சில வெள்ளை இளைஞர்கள் வழிமறிக்கும் காட்சி வருகிறதே, அதன் விதை அதுதான் என்று நினைக்கிறேன். (அந்த இளைஞர்களில் ஒருவன் டேனியல் டே லூயிஸ், பிற்காலத்தில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர்.) ஆனால் காந்தி அந்த வரியை எழுதியது எங்கே என்று தேடிப் போனால் 'சத்திய சோதனை'யின் இரண்டாம் பாகத்தில், சின்னதாக ஓர் அத்தியாயத்தின் கடைசியில் இருக்கிறது. அத்தியாயத்தின் தலைப்பு 'பாலசுந்தரம்'.

டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்த தமிழர். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, கிழிந்த உடையில் காந்தியின் அலுவலகத்துக்கு அழுதபடி வருகிறார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். வெள்ளையரைப் பார்க்கப் போகும் கூலி அப்படித்தான் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம், காந்தியின் முன்னாலும் அதையே செய்கிறார். அவர் சொல்வதைக் காந்தியிடம் எடுத்துச் சொன்ன குமாஸ்தாவும் தமிழர்தான். காந்தி அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். பாலசுந்தரம் படத்தில் இல்லை. புத்தகத்தில், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கட்டிக்கொள்கிறார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது என்று எழுதுகிறார் காந்தி.